ரோஜாவுக்குக் கவாத்து

ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் மீசை பெரிதாகவும் இருந்த காலத்தில், கொன்றையூரைத் திடவீர பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவன் சபையில் ஒரு விசித்திரச் சட்டம் இருந்தது. ராஜா ஒன்றைப் புரிந்துகொண்டுவிட்டால் அதற்குமேல் யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. மீறினால் நாடுகடத்தல்.

அந்தப்புரத் தோட்டத்தில் பன்னிரண்டு ரோஜாச் செடிகள் இருந்தன. ராணி தன் கையால் நட்டவை. அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போனதும், ராஜா செடிகளுக்குச் செல்லம் கொடுக்க ஆரம்பித்தான். வெயில் படாமல் பட்டுக்குடை பிடித்தான். பன்னீர் ஊற்றினான். ரோஜாவுக்கே பன்னீர்! ஓர் இலையைக்கூட யாரும் கிள்ளக் கூடாதென்று உத்தரவும் போட்டான். செடிகள் ஒட்டடைக்குச்சி மாதிரி ஆள் உயரம் வளர்ந்தன. பூ மட்டும் இல்லை.

ராணி திரும்ப ஐம்பது நாள் இருக்கும்போது தோட்டக்காரி பொம்மக்காளைச் சபைக்கு அழைத்தான்.

“ராணி வரும்போது பூ இல்லையென்றால் உன்னை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடுவேன். என்ன செய்யப்போகிறாய்?”

அந்தத் தோட்டத்தை விட்டால் பொம்மக்காளுக்குப் போக்கிடம் இல்லை. ஆனாலும் செடிக்கு வைத்தியம் தெரிந்தவள்.

“குடையை எடுத்துடணும் மகாராஜா, வெயில் நல்லாப் படணும். பன்னீரு வேண்டாம், கிணத்துத் தண்ணி போதும். வேருக்குத் தொழுவுரம் போடணும். முக்கியமா, கவாத்துப் பண்ணணும். பண்ணினா நாப்பத்தஞ்சாம் நாள் பூத்துடும்.”

கிளைகளை வெட்டிவிடுவதைத்தான் அவள் சொன்னாள். ராஜாவுக்குத் தெரிந்ததோ சிப்பாய்கள் மைதானத்தில் செய்யும் கவாத்து.

“செடிக்கு முன்னால் கவாத்தா! வீரர்களைப் பார்த்தால் செடிக்கும் ரோஷம் வருமே. அருமை!”

“மகாராஜா, நான் சொன்ன கவாத்து வேற…”

குறுக்கே பாய்ந்தார் அரண்மனைப் புலவர் ஆளவந்தார். சொந்தமாக ஓர் அகராதி எழுதி அதை அக்குளில் இடுக்கிக்கொண்டே திரிபவர். அகராதி பிடித்தவர் என்று ஊரார் சொல்வதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தார். ராணி அவர் பாட்டுக்குக் கொட்டாவியும் பொம்மக்காளின் பூவுக்குப் பட்டுச்சேலையும் கொடுத்ததிலிருந்து, இவளைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

“கவாத்துக்கு ஒரே பொருள்தான்! படைப்பயிற்சி. வேறு இருந்தால் என் அகராதியில் இருந்திருக்கும். ராஜாவுக்குமேல் புரிந்துகொள்ளப் பார்க்கிறாயா?”

நாடுகடத்தல் நினைவுக்கு வர, பொம்மக்காள் கும்பிட்டு ஒதுங்கினாள்.

“நாளை முதல் கவாத்து. தோட்டக்காரியே நின்று நடத்தட்டும்” என்றான் ராஜா.

தளபதி இருளப்பன் முப்பது வீரர்களோடு வந்தான். நாலு நாள் இடது, வலது என்று மிதித்தார்கள். இலைகளில் புழுதி படிந்ததுதான் மிச்சம். ஐந்தாம் நாள் பொம்மக்காளுக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு விட்டால் கெடு தப்பிவிடும்.

“தளபதி ஐயா, கவாத்துல வாள்வீச்சு உண்டா?”

“அது இல்லாம என்ன கவாத்து, தாயி?”

“காத்தை வெட்டி என்ன ஆகப்போகுது? இன்னிக்கு உத்தரவு நான் சொல்றேன்.”

இருளப்பன் மீசைக்குள் சிரித்தான். அவன் வீட்டிலும் நாலு ரோஜாச் செடி இருந்தது.

“காஞ்ச குச்சி, வெட்டு! ஒண்ணோட ஒண்ணு உரசுற கிளை, வெட்டு! வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு அரை விரக்கடை மேல, சாய்வா, வெட்டு!”

போர்க்களத்திலிருந்து கீறல் இல்லாமல் திரும்பிய வீரர்களெல்லாம் முள் குத்தி ‘ஐயோ’ என்றார்கள். வெட்டிய நுனிகளுக்கு அவர்களையே சாணி பூச வைத்தாள் பொம்மக்காள். கையோடு குடைகளையும் பிடுங்கிப் போட்டாள்.

எட்டிப்பார்த்த புலவர் ராஜாவைக் கையோடு இழுத்துவந்தார். செடிகள் முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக நின்றன. ராஜாவின் மீசை துடித்தது.

“யாரைக் கேட்டு வெட்டினாய்?”

“நீங்க சொன்ன கவாத்துதான் மகாராஜா. வீரருங்க அவங்க கவாத்தைப் பண்ணாங்க, செடி அதோட கவாத்தை வாங்கிக்கிச்சு. ரெண்டும் வேற வேறன்னா புலவரோட அகராதி பொய்யாகிடுமே!”

புலவர் அகராதியை அக்குளில் இறுக்கிக்கொண்டார். ராஜாவுக்குக் குழப்பமாக இருந்தது. தனக்கே புரியாததில் யாரையும் தண்டிக்க அவன் சட்டத்தில் இடமில்லை.

“நாற்பத்தைந்தாம் நாள் பார்ப்போம். பூக்காவிட்டால் நீ எல்லைக்கு அப்பால்.”

பொம்மக்காள் வேருக்கு உரம் வைத்தாள், காலையில் மட்டும் தண்ணீர் விட்டாள், தினமும் பயந்து பயந்து கணுக்களைப் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் சிவப்புச் சிவப்பாகத் துளிர் எட்டிப்பார்த்தபோது செடியின் முன்னாலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

ராணி குழந்தையோடு பல்லக்கைவிட்டு இறங்கிய அன்று, பன்னிரண்டு செடியிலும் இலை தெரியாமல் பூ. ராணி சிரித்தாள். ராஜாவுக்கு எல்லாம் புரிந்தது, வெட்கமாகவும் இருந்தது.

“பொம்மக்காள், அந்தப் பழைய சட்டம் இன்றோடு ஒழிந்தது. இனி இந்தத் தோட்டத்துக்குள் நான் வருவதென்றாலும் உன்னைக் கேட்டுத்தான் வருவேன்” என்று தோட்டத்துச் சாவியை அவளிடம் கொடுத்தான். பிறகு திரும்பினான்.

“புலவரே, நாளைக் காலை உமக்கும் கவாத்து.”

“எ… எந்தக் கவாத்து, மகாராஜா?”

“ஒரே பொருள்தானே? உம் அகராதியில் பார்த்துக்கொள்ளும்.”

மறுநாள் தோட்டத்து வாசலில் ஒருபக்கம் இருளப்பன் விறைப்பாக நின்றான். மறுபக்கம் பொம்மக்காள் கத்தரிக்கோலைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஆளவந்தார் அகராதியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். குடுமியைப் பிடித்துக்கொள்ள அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.