இருபத்துநாலு சொல்

"டீச்சர், இதை எங்க ஒளிச்சு வச்சாலும் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது" என்றார் சூசைராஜ்.

அவர் உள்ளங்கையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஹார்டுவேர் வாலட் இருந்தது. கப்பல் எஞ்சின் அறையில் வெந்து சேர்த்ததையெல்லாம் பிட்காயினாக மாற்றியிருந்தார். அதைத் திறக்கும் சாவி அந்தக் கருவிக்குள் இருந்தது. அவருக்கு வயது அறுபத்திரண்டு.

டீச்சர் மெஹருன்னிசாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. தூத்துக்குடியில் ஒரு செல்போன் கடையின் மாடியில், பிட்காயினைப் பத்திரமாக வைப்பது பற்றி வகுப்பு நடத்தினார்.

"கருவி தொலைஞ்சா சாவியை மீட்க இருபத்துநாலு சொல் வந்துச்சே அண்ணாச்சி, எழுதி வச்சீங்களா?"

"அன்னைக்கே எழுதி பீரோவுக்குப் பின்னால ஒளிச்சுட்டேன். வீட்டுல அவளுக்குக்கூடத் தெரியாது."

"அப்ப தப்பான ரகசிய எண்ணை மூணு தடவை அழுத்துங்க."

"எல்லாம் அழிஞ்சிருமே!"

"கருவியில இருக்கிறதுதான் அழியும். சொல் பத்திரமா இருக்கே."

அழுத்தினார். மறுபடி அழுத்தினார்.

மூன்றாவது தடவை கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.

மெஹருன்னிசா பிளாஸ்கைத் திறந்து அவருக்கு டீ ஊற்றினார்.

"வீடு வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன்" என்று எழுந்தார் சூசைராஜ்.

மனைவி பிலோமினா ஒரு பக்கம் பிடிக்க, பீரோவை நகர்த்தினார். காகிதம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ஈரமும் கரையானும் போக ஒன்பது சொல் மிச்சம்.

"என்னங்க இது?"

முதல் தடவையாக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"இதுக்கா தினம் எந்திரிச்சு எந்திரிச்சு உட்கார்ந்தீங்க?" என்று அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள் பிலோமினா.

மாடிப்படி ஏறி வந்து, கரையான் தின்ற காகிதத்தை மேசையில் வைத்தார்.

"நான் மட்டும் அழுத்தியிருந்தா, டீச்சர்..."

"கையைப் பிடிச்சிருப்பேன்."

உறை பிரிக்காத புதுக் கருவி ஒன்றை அவர் முன்னால் வைத்தார் மெஹருன்னிசா. "பழசு இன்னும் உயிரோட இருக்கு. இன்னைக்கே இதுக்கு மாத்திருங்க. இதுக்குப் புதுசா இருபத்துநாலு சொல் வரும். அதைப் பார்த்தவங்க யாரும் பணத்தை எடுத்துரலாம், பத்திரம்."

இந்தத் தடவை சூசைராஜ் காகிதத்தைத் தொடவில்லை. துருப்பிடிக்காத எஃகுத் தகடு ஒன்றை வெட்டி எடுத்தார். பிலோமினா ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, எழுத்து அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்து அடித்துப் பதித்தார். தப்பிருக்கிறதா என்று அவள் விரலால் தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் பணம் புதுக் கருவியின் கணக்குக்குப் போனது.

நாலாம் நாள் வகுப்புக்கு வந்தார். யாரும் கேட்காமலே புதுக் கருவியை எடுத்து மேசையில் வைத்தார். தப்பான எண். தப்பான எண். தப்பான எண்.

திரை வெறுமையானது.

மெஹருன்னிசா வாய்விட்டுச் சிரித்தார். "இப்ப உயிர் கொடுங்க, பார்ப்போம்."

சூசைராஜ் துண்டில் சுற்றிய தகட்டைப் பையிலிருந்து எடுத்தார். சட்டைப் பையைத் தடவினார்.

"கண்ணாடியை மறந்துட்டேன் டீச்சர். நீங்க ஒவ்வொரு சொல்லா வாசிங்க, நான் அழுத்துறேன்."

துண்டு விலகுவதற்குள் மெஹருன்னிசா கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

"என்ன டீச்சர், உங்களை நம்பமாட்டேனா நான்?"

"நம்புங்க அண்ணாச்சி." திரும்பவில்லை. "மதினிக்குப் போன் போட்டு வரச் சொல்லுங்க."