நாக்கைக் கழற்றிய மணி

அந்தக் காலத்தில், வானம் பனைமர உயரத்தில் துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தபோது, ஊசிக்குக் காது கேட்கும். இப்போதும் ஊசிக்குக் காது இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கேட்காது. அன்று கேட்டது. கடலோர உப்பளத்தில் குடியிருந்த வடிவாம்பா மடியில் துணியைப் போட்டுக்கொண்டு, இப்படியே நேராகப் போம்மா என்பாள். ஊசி நூலை இழுத்துக்கொண்டு தானே போகும். அங்கே மடிப்பு இருக்கிறது என்றால் பார்த்துப் போகும். விரலால் தள்ளுகிற வேலையே கிடையாது. அவள் பாதி நேரம் தூங்கி வழிவாள். விழித்துப் பார்த்தால் ரவிக்கை தைத்து முடிந்திருக்கும்.

அவள் வீட்டு ஆட்டின் கழுத்தில் குட்டியாக ஒரு வெண்கல மணி தொங்கியது. மணிக்கு நாக்கு உண்டல்லவா, அந்த நாக்கு சும்மா இருக்காது. கேட்ட குரலையெல்லாம் அப்படியே பேசிக் காட்டும். மாமியார் செங்கம்மாளைப் போல இருமும். வடிவாம்பா தூக்கம் கலைந்து எழுந்து நிற்பாள். புருஷன் மருதப்பனைப் போல சோறு ஆச்சா என்று கேட்கும். அவள் உலையை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் ஆடு மட்டும் நிற்கும். ஒருநாள் நரி ஊளையிடுகிறது என்று ஆடே பயந்து ஓட, நரியும் அதன் கழுத்தோடு கூடவே ஓடியது. உனக்கென்று ஒரு குரல் இல்லையா என்று ஆடு கேட்டதற்கு, தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றது மணி, ஆட்டின் குரலிலேயே.

ஒரு சித்திரை மாதம் வானம் பொத்துக்கொண்டது. பருந்தின் இறக்கை உரசிக் கிழிந்தது என்றார்கள். கிழிசல் உப்பளத்துக்கு நேர் மேலே. மாசியிலிருந்து வாரிக் குவித்த உப்பு அம்பாரம் ஓரத்திலிருந்து கரைய ஆரம்பித்தது. அதைக் கொடுத்துத்தான் அந்த வருஷத்துக்கு நெல் வாங்க வேண்டும். மருதப்பன் பனையோலையை அள்ளிப் போட்டு மூடினான். ஓலை மிதந்து போயிற்று.

"ஊரு கிழிசலெல்லாம் தைக்கிறியே, அதையும் போய்த் தையேன்" என்றாள் செங்கம்மாள். குத்தலாகத்தான் சொன்னாள். வடிவாம்பா ஊசியை எடுத்துக்கொண்டு அம்பாரத்தின் மேல் ஏறிவிட்டாள். பின்னாலேயே ஆடும் ஏறியது, உப்பை நக்க.

மழை சாம்பல் நிறமாக, சத்தமே இல்லாமல், தூக்கத்தில் பெய்கிற மாதிரிப் பெய்தது. வடிவாம்பா அண்ணாந்து மெல்லப் பேசப் பேச, ஊசி மேகத்துக்குள் நுழைந்து நுழைந்து வந்தது. கிழிசல் பாதி மூடிவிட்டது. எல்லாரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணியை ஒருவரும் பார்க்கவில்லை. அதற்குப் பொறுக்குமா? வடிவாம்பாவின் குரலில், அவளுடைய கொட்டாவியையும் சேர்த்து, "போதும்மா, நூலை அத்துட்டு இறங்கி வா" என்றது.

ஊசி நூலை அறுத்துவிட்டு இறங்கியது. முடிச்சு விழாத தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. மழை முன்னைவிடப் பெரிதாக இறங்க, அம்பாரம் வடிவாம்பாவின் காலடியில் சரிந்தது.

மறுபடி போ என்று அவள் கெஞ்சினாள். பேசுவது எந்த வடிவாம்பா என்று ஊசிக்குத் தெரியவில்லை.

"இனிமே என் காது நூல் கோக்க மட்டும்தான்" என்றது. அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டது.

வேறு வழியில்லாமல் அவள் கிழிந்து தொங்கிய வானத்தின் ஓரத்தை எட்டிப் பிடித்து, நூலைக் கோத்து, ஊசியை விரலால் தள்ளினாள். நனைந்த வானம் கோணிச் சாக்கைவிடத் தடிப்பு. ஊசியின் பின்பக்கம் அவளுடைய நடுவிரலில் இறங்கியது. ரத்தத்தில் உப்புத் தண்ணீர் பட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டு சின்னதாக ஒரு சத்தம் போட்டாள். மணி வழக்கம்போல அந்தச் சத்தத்தையும் பேசிக் காட்டப் பார்த்தது. வரவில்லை. இன்னொரு தடவை முயன்றது. அப்போதும் வரவில்லை.

"அக்கா, என் நாக்கைக் கழட்டிடு."

யார் பேசுவது என்று வடிவாம்பா சுற்றும் முற்றும் பார்த்தாள். மணியின் சொந்தக் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை, மணி உள்பட.

"கழட்டினா நீ பேச முடியாதே" என்றாள்.

"உள்ளே உன் விரலுக்கு இடம் வேணும்ல."

அவள் ஆட்டின் கழுத்திலிருந்து மணியை அவிழ்த்து, அதன் நாக்கைக் கழற்றிவிட்டு, விரலில் கவிழ்த்துக்கொண்டு ஊசியைத் தள்ளினாள். ஒவ்வொரு தள்ளலுக்கும் மணியில் ஒரு குழி விழுந்தது. அது சிணுங்கக்கூட இல்லை. கிழிசல் மூடியபோது அம்பாரத்தில் பாதி மிச்சம் இருந்தது. அரை வயிற்றுக்காவது நெல் உண்டு. அவசரத் தையல் என்பதால் ஐப்பசியில் வானம் இன்னும் அங்கங்கே ஒழுகுகிறது. தையல் கோணல் என்று செங்கம்மாள் கீழேயிருந்தே சொன்னாள். அப்புறம் மருமகள் இறங்கி வந்ததும் அவள் விரலைப் பிடித்து ஊதிவிட்டாள்.

அன்று முதல்தான் ஊசி காதிருந்தும் கேட்பதில்லை. நாக்கில்லாத மணியோ விரல்தொப்பியாகி, உடம்பெல்லாம் குழியோடு தையல் பெட்டியின் அடியில் கிடக்கிறது. அதை மாட்டிக்கொண்டுதான் தைக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை, வெறும் விரலாலும் தைக்கலாம். என்னைப் போட்டுக்கோ என்று கூப்பிட அதற்குக் குரல் கிடையாது. குத்துப்பட்டவர்கள் தாங்களாகத்தான் துழாவி எடுத்துக்கொள்ள வேண்டும்.