இலை ஓரத்தில் இரும்பு

ஆற்றங்கரை மடத்துக்கு இளைய சாமி தலைவரானபோது ஊரில் பாதிப்பேர் சிரித்தார்கள். முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அதோடு ஒரு குணம் வேறு. கழுதை முதல் கலெக்டர் வரை யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டிவிடுவார். மறைந்த பெரிய சாமியின் இருமலை ஒருநாள் இவர் இருமியதும் மடத்து நாய் எழுந்து வாலாட்டியது.

மடத்தின் மூத்த சீடர் சிட்டம்மாள். சாமிக்கு அம்மா வயது. தியானம், பாராயணம் எல்லாம் மற்றவர்களுக்கு. அவருக்கு அடுப்புதான் பூசை. அந்தப் பெரிய கரண்டியைப் பெரிய சாமியே அவர் கையில் கொடுத்தார். அதன்பிறகு வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

மடத்துப் பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. இலை போட்டதும் ஓரத்தில் உப்பு வைப்பார்கள். உட்கார்ந்தவர் அந்த உப்பை விரலால் தொட்டு, இந்தச் சோற்றுக்குக் காரணமான யாரையாவது மனதில் நினைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சோறு.

சிட்டம்மாள் போட்ட சட்டமும் ஒன்று உண்டு. இலையில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது.

"மழை பெய்யணும், மாடு உழணும், நான் புகையில வேகணும். நீங்க மட்டும் மிச்சம் வைப்பீங்களோ? வழிச்சுச் சாப்பிடுங்க!"

இந்தக் குரலுக்குப் பயந்து பாகற்காய்கூட காலியாகிவிடும்.

சட்டத்தை மீறியவர் ஒருவர்தான். கனகசபாபதி. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு டப்பா வைத்திருந்தார். இலைக்குப் பக்கத்தில் அதைத் திறந்து மாத்திரைகளை வரிசையாக அடுக்குவார். கால்சியம், துத்தநாகம், மெக்னீசியம் என்று ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு, ஒரு கவளம் சோற்றோடு இலையை மூடுவார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. எல்லாச் சத்தும் இதுக்குள்ளேயே வந்துடுது."

ஒருநாள் சாமி அவர் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சிட்டம்மா, உப்புச் சட்டியைக் கொண்டாங்க."

கொண்டுவந்தார். சாமி கை நிறைய அள்ளி இலை நடுவில் குவித்தார். சோறு இருக்கவேண்டிய இடத்தில் உப்பு மலை.

"சாப்பிடுங்க ஐயா."

"சாமி... இது உப்பு."

"உப்பில்லாம சோறு இறங்குமா?"

"இறங்காது."

"அவ்வளவு முக்கியமானது. இன்னும் ஒரு கை வைக்கட்டுமா?"

கனகசபாபதி டப்பாவை மூடினார். அன்று இரண்டு முறை சாம்பார் கேட்டார்.

சிட்டம்மாளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மடத்துக்கு வந்தவர், போனவர், பால்காரர், தபால்காரர் எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொன்னார். முடிக்கும்போது, "மாத்திரையாம் மாத்திரை! எல்லாம் சோத்துல இருக்குன்னு சாமியே காட்டிட்டாரு" என்பார்.

புரட்டாசியில் ஒருநாள் காலை, கொதிக்கிற ரசத்தின் மேல் குனிந்த சிட்டம்மாளுக்குக் கண் இருட்டியது. நல்லவேளை, சுவரைப் பிடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் அண்டாவுக்குள் விழுந்திருப்பார்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் பர்வீன் அவருடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"என்னம்மா, உள்ளே சிவப்பே இல்லையே? கீரை சாப்பிடுவீங்களா?"

"நல்லா கேட்டீங்க! ஊருக்கே கீரை கடைஞ்சு போடுறவ நான்."

"போடுறது சரி. நீங்க சாப்பிடுவீங்களா?"

"பந்தி முடிஞ்சு மிச்சம் இருந்தா சாப்பிடுவேன்."

"மிச்சம் இருக்குமா?"

சிட்டம்மாளின் சமையலில் என்றைக்கு மிச்சம் இருந்தது?

"அப்போ எதைத்தான் சாப்பிடுவீங்க?"

"ரெண்டு கரண்டி சோறு, ரசம். அதுக்கு மேல பால் இல்லாத டீ. டீ மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் குடிப்பேன்."

ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்ததும் டாக்டரின் சிரிப்பு நின்றது.

"ரத்தத்துல இரும்பு அடிமட்டத்துக்குப் போயிடுச்சும்மா. இனிமே கீரை சாப்பிடுங்க. ஆனா இந்தப் பள்ளத்தை இப்போதைக்குக் கீரை மட்டும் நிரப்பாது. இரும்பு மாத்திரை தர்றேன். சாப்பாட்டோட போட்டுக்குங்க, எலுமிச்சம்பழச் சாறு குடிங்க. அந்த நேரத்துல டீ பக்கமே போகாதீங்க. அது இரும்பை உடம்புல சேரவிடாது. ரத்தம் ஏறுற வரைக்கும் பெரிய அடுப்புல நிக்கக் கூடாது."

"தை மாசம் குருபூசை வருதே டாக்டரம்மா!"

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டீங்கன்னா, நானே வந்து உங்க பந்தியில உட்காருவேன்."

மறுநாளும் சிட்டம்மாள் பெரிய அடுப்பில்தான் நின்றார். முருங்கைக்கீரையைக் கடைந்து இறக்கினார். பிறகு நேராகச் சாமியிடம் போனார். கரண்டி கையிலேயே இருந்தது. மாத்திரை அட்டையை அவர் முன்னால் வைத்தார். பிரித்திருக்கவில்லை.

"சாமி, என் சமையல்ல என்ன இல்லை?"

"எல்லாம் இருக்கு."

"அப்புறம் இது எதுக்கு? இதை நான் முழுங்கினா, என் சோத்துல சத்து இல்லைன்னு நானே தண்டோரா போட்ட மாதிரி. அந்தக் கனகசபாபதி என்ன நினைப்பாரு?"

சாமி கையை நீட்டினார்.

"கரண்டியைக் கொடுங்க."

பெரிய சாமி கொடுத்த கரண்டி. சிட்டம்மாள் அதன் காம்பை ஒருமுறை தடவிவிட்டுக் கொடுத்தார்.

மதியம் பந்திக்கு மணி அடித்தார்கள். முதல் வரிசையில் முதல் இலைக்கு முன்னால் யாரும் இல்லை. சிட்டம்மாள் வழக்கம்போலத் தூண் ஓரமாக நின்றிருந்தார். சாமி கரண்டியோடு வந்தார். காலி இலையைக் காட்டி வாயைத் திறந்தார். வந்தது சிட்டம்மாளின் குரல்.

"என்ன வேடிக்கை? சோறு ஆறிப் போகுது பாருங்க. உட்காருங்க!"

பந்தி மொத்தமும் குலுங்கியது. சிட்டம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தபிறகுதான், தான் உட்கார்ந்துவிட்டது அவருக்கே தெரிந்தது.

சாமி இலை ஓரத்தில் உப்பு வைத்தார். உப்புக்குப் பக்கத்தில் மாத்திரை ஒன்றை வைத்தார்.

"சாமி, இதை மட்டும் எடுத்துடுங்க."

"மழை பெய்யணும், மாடு உழணும்," என்றது சிட்டம்மாளின் குரல். "நீங்க மட்டும் மிச்சம் வைப்பீங்களோ?"

"அது சோத்துக்குப் போட்ட சட்டம்!"

"இலைக்குப் போட்ட சட்டம்மா," என்றார் சாமி, தன் குரலில்.

சிட்டம்மாள் விடவில்லை. "அன்னிக்கு அவருக்கு உப்பைக் கொட்டி மாத்திரை டப்பாவை மூட வைச்சீங்க. இன்னிக்கு எனக்கு நீங்களே மாத்திரை வைக்கிறீங்க. இதுல எது சாமி சரி?"

"அவர் இலையில சோறு இல்லை. உங்க ரத்தத்துல இரும்பு இல்லை. இப்போ இந்த மாத்திரைதான் உங்களுக்கு உப்பு."

சிட்டம்மாள் உப்பைத் தொட்டார். இத்தனை காலம் மற்றவர்கள் தொடுவதை நின்றுகொண்டே பார்த்தவர். யாரை நினைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினார். பெரிய சாமியை நினைத்தார். மழையை நினைத்தார். முருங்கைக்கீரை உருவிக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண்ணை நினைத்தார். ஒருவரை நினைத்தால் இன்னொருவர் வந்து நின்றார்.

கீரை வாளியோடு வந்தது கனகசபாபதி. இரண்டு கரண்டி வைத்தார்.

"போதும் ஐயா."

"வழிச்சுச் சாப்பிடுங்கம்மா," என்றார் அவர். சாமி அளவுக்குக் குரல் வரவில்லை. ஆனாலும் அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

சூடான சோற்றில் கீரையைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார் சிட்டம்மாள். மென்றார். நிமிர்ந்தார்.

"கீரை இவ்வளவு நல்லாவா இருக்கும்?"

"நாங்க தினமும் சொன்னோமே," என்றார் கனகசபாபதி.

இலை காலியானது. ஓரத்தில் மாத்திரை மட்டும் கிடந்தது. சாமி எலுமிச்சம்பழச் சாற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கரண்டி..." என்று இழுத்தார் சிட்டம்மாள்.

"எனக்குக் கை வலிக்குது. தை வரைக்கும்தான் தாங்குவேன். அதுக்குள்ள தேறி வந்து வாங்கிக்குங்க."

சிட்டம்மாளின் கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டார். மாத்திரையை எடுக்கப் போனவர் கையை நிறுத்தினார்.

"சோத்துக்கு எல்லாரையும் நினைச்சுட்டேன் சாமி. இதுக்கு யாரை நினைக்கிறது? இது ஆஸ்பத்திரியில கொடுத்ததுதானே?"

"எங்கேயோ ஒரு சிட்டம்மா சூட்டுல நின்னு இதைச் செஞ்சு அனுப்பியிருப்பாங்க," என்றார் சாமி. "அவங்க சாப்பிட்டாங்களோ என்னவோ."

சிட்டம்மாள் மாத்திரையை விரலால் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.