ஓடை மெலிந்த வருடம்

பனிமலைக்குக் கீழே ஓர் ஆசிரமம் இருந்தது. குரு வேதவல்லி அம்மையாருக்கு வயது நாற்பத்தைந்து. சீடர்களில் மூத்தவரான எத்திராஜுக்கு அறுபத்து மூன்று. சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர். ஊரில் என்ன வேலை பார்த்தார் என்று அம்மையார் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

ஆசிரமத்தை ஒட்டி ஓர் ஓடை இறங்கியது. பனி உருகி வரும் தண்ணீர். ஒரு காலத்தில் அதன் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. மலைமேல் பனி வருடா வருடம் பின்வாங்க, ஓடையும் மெலிந்தது. அந்தக் கோடையில் எத்திராஜ் செருப்பு நனையாமல் அதைத் தாண்டினார்.

ஒரு நாள் காலை, கீழ்க் கிராமத்திலிருந்து சருலி என்ற பெண் ஒரு குடத்தோடு ஏறி வந்தாள்.

"என் மகளுக்கு மூணு நாளா பேதி நிக்கல," என்றாள் தன் மலைமொழியில். "ஓடை உங்களைத் தொட்டுட்டுத்தான் எங்ககிட்ட வருது. அதான் இதையே அவளுக்கு மருந்தா கொடுத்துட்டு வரேன். நீங்க ஒரு வாய் குடிச்சு, ஆசீர்வாதம் பண்ணிக் கொடுங்க."

அம்மையார் உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தினார். உதட்டருகே கை போனபோது எத்திராஜ் அதைப் பிடித்துவிட்டார். குருவின் கையை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

"குடிக்காதீங்கம்மா."

"ஏன்?"

"அது நம்ம தண்ணி."

"நம்ம ஓடைத் தண்ணிதானே?"

"இல்லம்மா. நம்ம கக்கூஸ், குளியலறை, சமையல்கட்டு, எல்லாம் ஓடையிலதான் விழுது. முன்னே ஓடை பெருசு. கரைச்சு அடிச்சுட்டுப் போயிடும். இப்போ கரைக்க அதுகிட்ட தண்ணி இல்ல."

"தெளிவா இருக்கே?"

"பார்த்தா தெரியாது. வாடை தெரியும்."

"எனக்குத் தெரியலையே."

எத்திராஜ் தரையைப் பார்த்தார். "ஊர்ச் சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ற இடத்துல முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன்மா. தொட்டியில இறங்கியிருக்கேன். கல்யாண வீட்டுல நான் உட்கார்ந்தா பக்கத்துல இருக்கறவங்க எழுந்து வேற பந்திக்குப் போயிடுவாங்க."

"இந்த வாடை எப்போலேருந்து?"

"பங்குனியிலேருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க."

சருலிக்குத் தமிழ் தெரியாது. குடத்தைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மையார் அவளுடைய மொழியில் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. உன் மகளுக்கு நோய் எங்களால் வந்தது என்றும் சொன்னார்.

சருலி கத்தவில்லை. "மருந்துன்னு கொடுத்தேனே," என்று மட்டும் சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எத்திராஜ் சமையல்கட்டுக்கு ஓடினார். மேல் ஊற்றிலிருந்து எடுத்த தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தார். அம்மையார் அதை எடுத்துக்கொண்டு சருலியோடு மலையிறங்கினார். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு இருவரும் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள்.

அம்மையார் திரும்பி வர ஐந்து நாள் ஆயிற்று. குழந்தை பிழைத்துக்கொண்டது.

அதற்குள் எத்திராஜ் ஓடைக்குப் போகும் வாய்க்காலை அடைத்திருந்தார். இரண்டு குழி வெட்டி முடித்து மூன்றாவதில் நின்றிருந்தார். முதல் இரண்டும் கசடு தங்க. ஒன்று நிறைந்தால் இன்னொன்று. மூன்றாவதில் ஜல்லியும் மணலும் போட்டு நாணல் நடப்போவதாகச் சொன்னார். அதைத் தாண்டி வரும் தண்ணீர் ஆசிரமத்து வாதுமை மரங்களுக்கு.

அன்று சாப்பாட்டு வேளையில் அவர் எல்லோரையும் விட்டுத் தள்ளி, கதவோரம் உட்கார்ந்தார். அம்மையார் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாத்தம் அடிக்கும்மா."

"பருப்புல உப்பு கம்மி," என்றார் அம்மையார்.

எத்திராஜ் சாப்பிடவில்லை. "பங்குனியிலேயே வாயைத் திறந்திருந்தா அந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. இந்தப் பாவம் எப்போம்மா போகும்?"

"மூணாவது குழி இன்னும் எவ்வளவு ஆழம் போகணும்?"

"ஒரு முழம்."

"அப்போ சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். கண்ணீர் தட்டில் விழுந்தது. அம்மையார் பார்க்காதது போல் மோரை ஊற்றினார்.

குளிர்காலம் வந்து போனது. பனி மலைமேல் இன்னும் கொஞ்சம் ஏறிப்போயிருந்தது. ஓடை அதே மெலிவாகத்தான் ஓடியது. ஆனால் அதில் எதுவும் விழவில்லை. கிராமத்தில் அடுத்த கோடையில் யாருக்கும் பேதி இல்லை என்று சருலி சொல்லியனுப்பினாள்.

முதல் குழி நிறைந்துவிட்டது. எத்திராஜ் தண்ணீரை இரண்டாவது குழிக்குத் திருப்பி, நிறைந்த குழியைப் பல வாரம் காயவிட்டார். முழங்கால் ஆழக் குழி. மற்ற சீடர்கள் யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஒரு காலையில் மண்வெட்டியோடு தனியாகப் போனார். குழியோரம் உட்கார்ந்து வலிக்கும் முழங்காலை நீவிக்கொண்டிருந்தபோது அம்மையார் வந்தார்.

"நீங்க ஏம்மா இங்க வந்தீங்க? இது வருஷா வருஷம் அள்ள வேண்டியது. அது என் வேலை. வேற யாரும் இறங்க வேணாம்."

"உங்களால முடியாதப்போ?"

எத்திராஜ் முழங்காலிலிருந்து கையை எடுத்தார்.

அம்மையார் காவிப் புடவையைத் தூக்கிச் செருகினார். எத்திராஜின் மடியிலிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். கணுக்கால்வரை புதைந்தது.

எத்திராஜ் பதறி எழுந்தார். "அம்மா, நீங்க குரு. நீங்க போய்..."

அம்மையார் அண்ணாந்து பார்த்தார்.

"எந்த ஓரத்துலேருந்து ஆரம்பிக்கறது? சொல்லிக் கொடுங்க."