முப்பத்தோராவது டிக்கெட்

ஏரிக்கரைக் காட்டு மிருகங்களுக்கெல்லாம் கைபேசி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. யார் கொடுத்தார்கள், எங்கே சார்ஜ் போட்டார்கள் என்று கேட்காதீர்கள். கதையில் நரி பேசினால் நம்புகிறீர்கள், நரி போன் பேசினால் மட்டும் சந்தேகமா?

அந்தக் காட்டின் அரட்டைக் குழுவுக்குக் கோமளம் என்ற முள்ளம்பன்றிதான் அட்மின். ஏரிக்கரையின் பின்சரிவில், ஒரு புன்னை மரத்தடியில் வளை தோண்டி, இரண்டு குட்டிகளோடு அது குடியிருந்தது. உடம்பெல்லாம் முள். மனசு மட்டும் பெயருக்கு ஏற்ற மாதிரி.

குழுவில் எந்நேரமும் சந்தைக்கடை இரைச்சல். மயில் தன் போட்டோவைப் போடும். குரங்கு அதற்குச் சிரிப்புப் போடும். தவளை முத்தையா காலையில் ஒரு வணக்கம், மத்தியானம் ஒரு வணக்கம், சாயங்காலம் ஒரு வணக்கம் என்று யாரையும் விடாது.

ஒரு நாள் நத்தை ஒன்று, "பாறை இடுக்குல மாட்டிக்கிட்டேன், யாராவது வாங்க!" என்று எழுதியது. அந்த வரி வணக்கங்களுக்கு அடியில் புதைந்து போனது. மூன்று நாள் கழித்துத் தானாகவே தப்பி வந்த நத்தை, கோமளத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டது. கோமளத்துக்கு அவமானத்தில் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் பட்டணத்துக் காகம் அம்பலவாணன் வந்து இறங்கியது. ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் ஜன்னலில் ஆறு மாதம் உட்கார்ந்து பார்த்த படிப்பு அதற்கு.

"அக்கா! இதுக்கெல்லாம் டிக்கெட் முறை வைக்கணும்!"

"டிக்கெட்டா? எங்கே போறதுக்கு?"

"எங்கேயும் போக வேண்டாம். உதவி வேணும்னா பொத்தானை அமுக்கணும். உடனே ஒரு நம்பர், ஒரு தனி அறை. அந்த அறையில குறை சொல்றவரும் நாமளும் மட்டும்தான். வேற யார் கண்ணுக்கும் தெரியாது. பதில் சொன்னதும் பச்சைக் குறி போட்டுக் கதவைச் சாத்திடலாம்!"

"சாத்திட்டா?"

"குறை தீர்ந்துச்சுன்னு அர்த்தம்!"

கோமளத்துக்குப் பாதிதான் புரிந்தது. மீதிக்கும் சேர்த்துத் தலையை ஆட்டி வைத்தது.

காகம் அன்றைக்கே எல்லாவற்றையும் அமைத்துவிட்டது. ஈரம், மண், மரம், இதர என்று நான்கு வகை. அதில் ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் அறைக்குள் குறையை எழுத முடியும். இனிமேல் குழுவில் வணக்கம் போட்டால் வெளியேற்றம் என்றும் ஒரு சட்டம் போட்டது.

முதல் நாள் ஒரே குழப்பம்! "எனக்கு ஏன் அஞ்சாம் நம்பர்? எனக்கு முன்னாடி நாலு பேரா?" என்று மயில் தோகையை விரித்துக்கொண்டு சண்டைக்கு வந்தது. ஆமைக்கு ஆறாம் நம்பர். எல்லோரும் நம்பர் வரிசையில்தான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நினைத்து, அது சாயங்காலம் வரை நாக்கு வறள உட்கார்ந்திருந்தது. குழுவில் வணக்கம் போடக்கூடாது என்றதும் முத்தையா தவளை வேளைக்கொரு டிக்கெட் எடுத்து, அந்த அறைக்குள் வணக்கம் போட்டது.

கோமளம் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் ஓடி ஓடி, யார் என்ன கேட்டார்கள் என்றே தெரியாமல் விழித்தது.

"வணக்கம்னு ஆரம்பிச்சா மேலே படிக்காதீங்க அக்கா! நேரா பச்சைக் குறி!" என்றது காகம்.

கோமளம் அப்படியே செய்தது.

பதினான்காம் டிக்கெட்டில் எலி வந்தது. "வளைக்குள்ள தண்ணி கசியுது!" வகை: ஈரம். காகம் பதில் எழுதியது: "வளையை உயரமான இடத்தில் தோண்டிக்கொள்ளவும்." பச்சைக் குறி.

பத்தொன்பதில் நண்டு. "கால் வெச்சா மண்ணு கூழா குழையுது!" வகை: மண். "கல்லின் மேல் நடக்கவும்." பச்சைக் குறி.

இருபத்தாறில் மீன்கொத்தி. "நான் உட்கார்ற மரம் நாளுக்கு நாள் சாயுது!" வகை: மரம். "வேறு மரம் பார்க்கவும்." பச்சைக் குறி.

"எப்படி அக்கா? குழுவில சத்தமே இல்லே பாருங்க!" என்று காகம் இறக்கையைத் தட்டிக்கொண்டது.

சத்தம் இல்லைதான். ஆனாலும் கோமளத்தின் மனசுக்குள் ஏதோ உறுத்தியது. என்ன என்று அதற்கே சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் சின்னக் குட்டி சிணுங்கியது. "அம்மா, படுக்கை நனைஞ்சிருக்கு!"

கோமளம் பழக்க தோஷத்தில் பொத்தானை அமுக்கிவிட்டது. டிக்கெட் எண் முப்பத்தொன்று. அட்மினின் பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அந்த அட்மின் தான்தான் என்பது நினைவுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டது.

திரை கேட்டது: எந்த வகை?

படுக்கை நனைந்திருக்கிறது, ஆகவே ஈரம். தொடப்போன கால் சுவரில் உரசியது. சுவர் கட்டி கட்டியாக உதிர்ந்தது. அப்படியானால் மண்ணா? தலைக்கு மேலே புன்னையின் வேர் ஆடியது. மரமா? கோமளம் திரையைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது, வேரைப் பார்த்தது. எதைத் தொடுவது? தலை சுற்றியது.

"ஐயையோ! மூணும் ஒண்ணா வந்திருக்கே!"

அப்போதுதான் எலியும் நண்டும் மீன்கொத்தியும் அதன் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள் கரையில் எந்த இடத்தில் இருக்கிறார்கள்? டிக்கெட்டில் யாரும் அதைக் கேட்கவே இல்லை.

கோமளம் குட்டிகளை முட்டித் தள்ளி மேட்டுக்கு ஏற்றியது. போனை எடுத்து, சாத்தியிருந்த அறைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து குழுவில் கொட்டியது.

காகம் பறந்து வந்தது. "அக்கா! அடுத்தவங்க அறையைத் திறக்கலாமா? முறை கெட்டுடும்!"

"கரையே போயிட்டா முறை எங்கேடா இருக்கும்!" கோமளத்தின் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. காகம் இரண்டடி பின்னால் போனது.

குழு குய்யோ முறையோ என்று விழித்துக்கொண்டது.

"எலி அண்ணே, உனக்குமா? நான் உன் வளைக்குக் கீழேதானே இருக்கேன்!" என்றது நண்டு.

"நான் உட்கார்றது அதுக்குப் பக்கத்துல, கோமளம் அக்கா வளை இருக்கிற புன்னைமேலதான்!" என்றது மீன்கொத்தி.

எல்லாம் ஒரே இடம். கோமளத்தின் வளைக்கு மேலே உள்ள கரை. அதற்குள் யாரோ முத்தையாவின் டிக்கெட்டுகளைப் படித்துவிட்டார்கள். முதல் வரி எல்லாவற்றிலும் வணக்கம். இரண்டாவது வரியை அதுவரை யாரும் பார்க்கவில்லை.

"மேற்கே மழை. தண்ணி ஏறி என் கல்லுக்கு ஒரு சாண் கீழே வந்தாச்சு."

"இன்னைக்கு நாலு விரல் கீழே."

"கல்லு முழுகிடுச்சு. கரையைப் பாருங்க சாமிகளா!"

கோமளம் அழுதேவிட்டது. படித்தும் படிக்காமல் அத்தனைக்கும் பச்சைக் குறி போட்டது அதன் கைதானே!

அழ நேரமில்லை. நண்டு கசியும் பொந்துகளைக் காட்டியது. காட்டுப்பன்றிகள் கல்லை உருட்டி வந்து அடைத்தன. எலிகள் களிமண்ணை அப்பின. குரங்குகள் தழையை ஒடித்துப் போட்டன. "தண்ணி ஏறுது! இப்போ நிக்குது! இப்போ இறங்குது!" என்று முத்தையா ஏரிக்குள்ளிருந்து கத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கத்தல் அன்றைக்கு யாருக்கும் தொல்லையாகப் படவில்லை.

உச்சி வேளையில் புன்னை சாய்ந்தது. கோமளத்தின் வளை அப்படியே உள்ளே அமுங்கிப் போனது. குட்டிகள் படுத்திருந்த இடத்தின் மேல் ஓர் ஆள் உயரத்துக்கு மண். ஆனால் கரை நின்றது. குட்டிகள் மேட்டில் நின்று எட்டிப் பார்த்தன.

காகம் தயங்கித் தயங்கிக் கேட்டது. "அக்கா, முப்பத்தொண்ணுக்குப் பச்சைக் குறி போட்டுடட்டுமா?"

"போடாதே. அது திறந்தே கிடக்கட்டும்," என்றது கோமளம். "உன் டிக்கெட்டும் இருக்கட்டும், நம்பரும் இருக்கட்டும். அது இல்லேன்னா நத்தை எழுதினது மறுபடியும் வணக்கத்துக்கு அடியில புதைஞ்சு போகும். ஆனா பூட்டு வேண்டாம். வந்த குறையெல்லாத்தையும் தினம் சாயங்காலம் குழுவில எல்லாரும் கேக்கறாப்பல வாசிக்கணும்."

"வாசிக்கிறது யாரு?"

கோமளம் ஏரிப் பக்கம் திரும்பியது. "முத்தையா அண்ணே! வணக்கம் சொல்லி ஆரம்பிங்க!"

ஒவ்வொருவர் குறையையும் தனித்தனி அறையில் பூட்டி வைத்தால், எல்லோருக்கும் வரப்போகும் ஆபத்து ஒருவர் கண்ணிலும் படாமல் போய்விடும்.