தவிட்டுக்குருவி செலவழித்த புலம்பல்

பறவையும் மிருகமும் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், குறை சொல்வதற்கும் காட்டில் ஒரு முறை இருந்தது. பசித்த குஞ்சு அம்மாவிடம் சிணுங்கலாம். தருகிறேன் என்று இழுத்தடிப்பவரை நச்சரிக்கலாம். பெரியவர்மேல் கோபம் வந்தால் தனக்குள் முணுமுணுக்கலாம். புலம்பல் மட்டும் எதையாவது பறிகொடுத்தவருக்கே உரியது. அதுவும் ஓர் இழப்புக்கு ஒரே தடவை. புலம்பல் காதில் விழுந்தால் யாராக இருந்தாலும் வேலையைப் போட்டுவிட்டு வரவேண்டும்.

ஒருநாள் காற்றில் புள்ளிப்புறாவின் கூடு சரிந்து முட்டைகள் உடைந்தன. புறா புலம்பியது. காடே வந்தது. அணில் புதுக்கூட்டுக்கு நார் கிழித்துக் கொடுத்தது. மைனா அத்திப்பழம் ஊட்டியது. யாரோடும் ஒட்டாத செம்போத்துகூடப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

எதிர்ப் புதரில் நான்கு நீல முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்த தவிட்டுக்குருவிக்கு இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. புறா கட்டியதெல்லாம் ஒரு கூடா, நாலு குச்சி; ஒழுங்காகக் கட்டியவளை யார் எட்டிப் பார்த்தார்கள் என்று தங்கைகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தது.

"சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட எனக்கு ஆளில்லை."

"உன் முட்டைதான் பத்திரமாக இருக்கிறதே, அக்கா. உன்னிடம் என்னவென்று கேட்பார்கள்?" என்றது கடைசித் தங்கை.

அந்தப் பதில் அதற்கு வழி காட்டிவிட்டது. தங்கைகள் இரைக்குப் போன நேரம் பார்த்து, முட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிப் புதரடிச் சருகுக்குள் மறைத்தது. பிறகு வெறுங்கூட்டின் விளிம்பில் நின்று, புறா புலம்பிய அதே ராகத்தில் புலம்பியது.

காடு வந்தது. துக்கம் கேட்க வருகிறவர்கள் உட்காருமுன் இடத்தைப் பெருக்குவது வழக்கம். மயில் தோகையைத் தாழ்த்திப் புதரடியைக் கூட்டியது. குவிந்த சருகு சரிவில் இறங்கியது. ஒரு நீல முட்டை அதோடு புரண்டு மறைவதைத் தவிட்டுக்குருவி பார்த்தது. நிறுத்தச் சொல்லி வாயைத் திறந்தது. திறந்த வாயில் மைனா ஓர் அத்திப்பழத்தை வைத்தது. செம்போத்து அருகில் வந்து உட்கார்ந்தது, புறாவின் பக்கத்தில் உட்கார்ந்ததைவிட இன்னும் நெருக்கமாக. தவிட்டுக்குருவி பழத்தை விழுங்கியது. அடுத்த பழத்துக்கு வாயைத் திறந்தது.

எல்லோரும் போனபின் சரிவெங்கும் தேடியது. எந்தச் சருகைப் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருந்தது. மைனாவிடம் ஓடிப்போய், முட்டைகள் நிஜமாகவே போய்விட்டன என்று அழுதது.

"அதற்குத்தான் அழுது முடித்தாயே, அக்கா," என்றது மைனா. "நாங்களும் கூட இருந்து அழுதோமே."

மறுபடி புலம்ப முறையில்லை. சிணுங்க அம்மா இல்லை. யாரும் எதையும் தருவதாகச் சொல்லாததால் நச்சரிக்கவும் வழியில்லை. மிச்சமிருந்தது முணுமுணுப்புதான். முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு சருகாகப் புரட்டியது. தங்கைகள் திட்டிக்கொண்டே இறங்கி வந்து, தாங்களும் கூடப் புரட்டின.

தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் தரையில் இறங்கிச் சருகைப் புரட்டுவதும், புரட்டும்போதெல்லாம் ஓயாமல் முணுமுணுப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். என்னவென்று காட்டில் வேறு யாரும் கேட்பதில்லை.