உப்பளத்து அந்தி

தூத்துக்குடியில் பவுலின் என்று ஒரு பெண் புகைப்படக்காரர் இருந்தார். வார நாட்களில் கல்யாணமும் பாஸ்போர்ட் படமும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்டுடியோவின் பின்னறையில் வகுப்பு. கேமரா வாங்கிவிட்டு, அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாதவர்கள் அங்கே வந்து உட்காருவார்கள். சில வாரங்களில் காணாமல் போவார்கள்.

போகாமல் நின்றவர் ஐயம்பெருமாள். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை. பவுலினைவிட வயதில் மூத்தவர். அவர் பவுலினை டீச்சர் என்றார். பவுலின் அவரை அண்ணாச்சி என்றார். இரண்டு பேருக்கும் அது சரியாகவே இருந்தது.

ஐயம்பெருமாள் சூரியன் மறைவதை மட்டும்தான் படம் எடுப்பார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கேமராவைப் பையிலிருந்து எடுக்க மாட்டார்.

"ஏன் இப்படி? என்னை ஒரு படம் எடுக்கக் கூடாதா?" என்று அவர் மனைவி ஆவுடை கேட்டார்.

"மனுசங்கள நில்லுங்க, சிரிங்கன்னு சொல்ல எனக்குக் கூச்சமா இருக்கு" என்றார் ஐயம்பெருமாள்.

படங்கள் நன்றாக வரவில்லை. சூரியன் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை ஓட்டை. கீழே பூமி கன்னங்கரேல் என்று கிடக்கும். தொடுவானம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை மேசைமேல் பரப்பி வைத்தார்.

"எப்படி இருக்கு டீச்சர்?"

"சூரியன் இருக்கு."

"அது எனக்கும் தெரியுது."

"அது மட்டும்தான் இருக்கு."

ஐயம்பெருமாள் கன்னியாகுமரிக்குப் போனார். அங்கே கூட்டத்தோடு கூட்டமாக நின்று எடுத்தார். கொடைக்கானல் போய் மலைமேல் நின்று எடுத்தார். பெரிய லென்ஸ் ஒன்று வாங்கினார். வெள்ளை ஓட்டை பெரிதானது, அவ்வளவுதான்.

"நான் என்ன தப்பு பண்ணுதேன் டீச்சர்?"

"நாளைக்கு எங்கே எடுப்பீங்க?"

"ஆபீஸ் விட்டு வர்ற வழியிலதான். உப்பளத்துப் பக்கம்."

"நானும் வாரேன்."

மறுநாள் மாலை இருவரும் துறைமுகச் சாலையோரம் நின்றார்கள். மேற்கே கண்ணுக்கெட்டிய வரை உப்புப் பாத்திகள். ஐயம்பெருமாள் சூரியனை நோக்கி மளமளவென்று எடுத்துத் தள்ளினார். சூரியன் தொடுவானத்துக்கு அடியில் இறங்கியது. ஐயம்பெருமாள் லென்சை மூடினார், கேமராவைப் பையில் வைத்தார், ஸ்கூட்டர் பக்கம் நடந்தார்.

"அண்ணாச்சி, வண்டிச் சாவியைக் கொடுங்க."

"எதுக்கு?"

"கொடுங்களேன்."

கொடுத்தார். பவுலின் அதைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு சாலையோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"டீச்சர், வீட்டுல தேடுவாங்க."

"தேடட்டும்."

"கொசு கடிக்குது."

"எனக்கும்தான் கடிக்குது."

ஐயம்பெருமாள் இப்படியும் அப்படியும் நடந்தார். ஆவுடையிடமிருந்து போன் வந்தது. "டீச்சர் சாவியைப் பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க" என்றார். மறுமுனையில் சிரிப்பு கேட்டது.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். சாம்பலாகக் கிடந்த மேகங்களின் அடிவயிறு சிவக்கத் தொடங்கியிருந்தது. அந்தச் சிவப்பு பாத்தித் தண்ணீரில் இறங்கியது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, வரப்பு தாண்டி வரப்பு தாண்டி, அவர் காலடி வரை வந்தது. திரும்பிப் பார்த்தார். கிழக்கேயும் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு மேகம் மிதந்தது.

"தினமும் இப்படியா டீச்சர்?"

"தினமும் இல்ல."

அவர் கை பையைத் தேடியது. ஜிப்பைத் திறப்பதற்குள் பாதி போய்விட்டது. மீதியை எடுத்தார். இருட்டிய பிறகுதான் சாவி கிடைத்தது.

அதன் பிறகு அவர் கன்னியாகுமரிக்குப் போகவில்லை. தினமும் அதே உப்பளம். ஒரு முக்காலி வாங்கினார், கேமரா ஆடாமலிருக்க. வெளிச்சத்தைச் சூரியனிலிருந்து அளக்காமல், பக்கத்து வானத்திலிருந்து அளக்கப் பழகினார். வானம் நன்றாக இருந்த நாளில் பூமியைக் கொஞ்சமாக வைத்தார். பாத்திகள் நன்றாக இருந்த நாளில் வானத்தைக் கொஞ்சமாக வைத்தார். ஞாயிறுதோறும் கொண்டுவந்து காட்டினார். பவுலின் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளி வைப்பார். எப்போதாவது ஒன்றின்மேல் விரல் நிற்கும். அந்த வாரம் முழுக்க ஐயம்பெருமாள் ஆபீசில் விசிலடித்துக்கொண்டு வேலை செய்வார்.

மழைக்காலம் நெருங்கிய ஒரு மாலை. மேற்கு முழுக்க மேகம் அடைத்திருந்தது. அன்றைக்கு ஒன்றும் தேறாது என்று யாராக இருந்தாலும் சொல்வார்கள். ஐயம்பெருமாளும் அதைத்தான் நினைத்தார். ஆனாலும் முக்காலியை விரித்தார். சூரியன் எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை.

பிறகு, மேகத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு கீற்று திறந்தது. கீழேயிருந்து எழுந்த வெளிச்சம் மேகக் கூரை முழுவதையும் பற்றவைத்தது. பாத்திகள் செந்நீராயின. வரிசையாக நின்ற உப்புக் குவியல்கள் தலை சிவந்தும் அடி ஊதாவாகவும் நின்றன. தொடுவானத்தை ஒட்டி மட்டும் மெல்லிய பச்சை. வரப்பின்மேல் ஒரு பெண் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்தார். அவரும் நின்று, இடுப்பில் கைவைத்து, வானத்தை அண்ணாந்து பார்த்தார். அவரை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

ஐயம்பெருமாள் எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் பவுலின் முன்னால் வைத்தார். பவுலின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மதுரையில போட்டோ கண்காட்சி வருதே. அனுப்புங்க."

"நான் சும்மா எடுக்கிற ஆளு டீச்சர்."

"சும்மா எடுக்கிற ஆளுங்களுக்குத்தான் அந்தக் கண்காட்சியே. அனுப்புங்க."

அனுப்பினார். முதல் சுற்றில் தேறிவிட்டது என்று தகவல் வந்தது. ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தார். திறப்பு நாளன்று ஆவுடை பட்டுச்சேலை கட்டிக்கொண்டார். இருவரும் காலை பஸ்ஸில் மதுரை போனார்கள். பவுலினுக்கு அன்று ஒரு கல்யாணத்தில் படமெடுக்கும் வேலை இருந்ததால் வரவில்லை.

மண்டபத்தில் படங்கள் வரிசையாகத் தொங்கின. ஐயம்பெருமாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து நடந்தார். ஒரு இடத்தில் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. கீழே சின்ன அட்டையில் அவருடைய பெயர்.

அமைப்பாளர் ஓடிவந்தார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்க சார். நிறமெல்லாம் கம்ப்யூட்டர்ல சேர்த்ததுன்னு நடுவர் சொல்லிட்டார். உப்பு ஊதாவா இருக்குமா, வானத்துல பச்சை வருமான்னு கேக்குறார். விதிப்படி எடுத்துட்டோம்."

"நான் ஒண்ணும் சேர்க்கலையே. கேமராவுல வந்தபடியே ஃபைல் இருக்கு. வீட்டுல இருக்கு."

"முடிவு அறிவிச்சாச்சு சார்."

ஆவுடை ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐயம்பெருமாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் ஆட்கள் பார்த்தார்கள். காலி ஆணிக்கு முன்னால் இருவரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு சட்டம் போட்ட படத்தைச் செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். வழி முழுக்க அது ஐயம்பெருமாள் மடியில் இருந்தது. ஆவுடை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார்.

அடுத்த நாள் ஸ்டுடியோ திறக்கும்போதே ஐயம்பெருமாள் வாசலில் நின்றார். ஒரு கையில் படம். இன்னொரு கையில் லேப்டாப்.

நடந்ததைச் சொன்னார்.

"ஃபைலைக் கொண்டாந்திருக்கேன். நீங்களே பாருங்க டீச்சர்."

"நான் எதுக்குப் பார்க்கணும்?"

"நான் ஒண்ணும் சேர்க்கலன்னு உங்களுக்குத் தெரியணும்ல?"

"உங்களுக்கு அப்படி ஒரு வானத்தைச் செய்யத் தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சிருந்தா இதைவிடச் சுமாராத்தான் செஞ்சிருப்பீங்க."

ஐயம்பெருமாளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"அப்போ அவங்களுக்கு நிரூபிக்க வேண்டாமா?"

"அனுப்பணும்னா அனுப்புங்க. அதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு. அந்த ஸ்டூலை எடுங்க."

தெருவைப் பார்த்த கண்ணாடி அலமாரியில் பெரிய படம் ஒன்று தொங்கியது. பாய்விரித்த தோணி. பவுலின் ஸ்டுடியோ தொடங்கிய காலத்தில் எடுத்தது. அந்தப் படத்தை அடையாளம் சொல்லித்தான் ஊரில் ஸ்டுடியோவுக்கு வழி சொல்வார்கள். பவுலின் ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றினார்.

"டீச்சர், என்ன பண்ணுதீங்க?"

"பிடிங்க. பாரமா இருக்கு."

பிடித்துக்கொண்டார். பவுலின் செய்தித்தாளைப் பிரித்து, உப்பளத்துப் படத்தை எடுத்து, தோணி இருந்த இடத்தில் மாட்டினார். சாய்ந்திருக்கிறதா என்று வெளியே போய்ப் பார்த்தார். உள்ளே வந்து இடதுபக்கம் கொஞ்சம் தூக்கினார்.

"உங்க படத்தை எடுத்துட்டு என் படத்தையா? நான் ஒத்துக்க மாட்டேன்."

"என் கடை அண்ணாச்சி."

"இல்ல டீச்சர்..."

"நான் இந்த ஊர்ல பிறந்தவ. சின்னப் பிள்ளையிலேர்ந்து அந்த உப்பளத்தைப் பார்க்கேன். கேமராவோட எத்தனை நாள் போயிருப்பேன். எனக்கு இது கிடைக்கல." பவுலின் படத்தின்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்கிட்டே படிச்சவருக்குக் கிடைச்சிருக்கு. அதைப் பின்னறையிலயா வைப்பேன்?"

ஐயம்பெருமாள் தோணிப் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

பவுலின் ஒரு வெள்ளை அட்டையை எடுத்தார். தடித்த பேனாவால் எழுதினார். படம்: ஐயம்பெருமாள். இடம்: நம்ம ஊர் உப்பளம். அதைக் கண்ணாடியில் ஒட்டினார்.

தெரு மெல்ல விழித்தது. பள்ளிக்கூடம் போகும் ஆட்டோ ஒன்று வேகம் குறைத்தது. மீன் வாங்கிவந்த இரண்டு பெண்கள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். எதிர்க் கடையில் பழம் அடுக்கிக்கொண்டிருந்த தாசன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையைத் தாண்டி வந்தார். மூக்கு கண்ணாடியில் படுமளவுக்கு நெருங்கிப் பார்த்தார்.

"அடேயப்பா! தோணி எங்கே போச்சு? யாரு எடுத்தது இது? நிஜ வானமா, இல்ல கம்ப்யூட்டர்ல செஞ்சதா?"

உள்ளே ஐயம்பெருமாள் முகம் வெளுத்தது. தோணிப் படத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு லேப்டாப்பை எடுத்தார்.

"அதை வெச்சுட்டுப் போங்க" என்றார் பவுலின்.

"அவர் கேக்காரே டீச்சர். வர்றவங்க எல்லாரும் கேப்பாங்க. இது இல்லாம நான் என்னத்தைச் சொல்ல?"

பவுலின் அவர் கையிலிருந்து லேப்டாப்பை வாங்கி மேசைமேல் வைத்தார். வாசல் கதவை அவருக்காகத் திறந்து பிடித்தார்.

"நான் எடுத்த படம்னு சொல்லுங்க அண்ணாச்சி. கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க. உள்ளே இருக்கிற எனக்கும் கேக்கணும்."